கடற்கரை வீட்டுக்கு ஓர் இசைக்கருவி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்லும்போது, முட்டுக்காட்டு உப்பங்கழியைத் தாண்டியதும் கோவளம் வருகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் கேளம்பாக்கத்தை நோக்கி உப்பளங்கள். இவ்வூரில், அலையோசை கேட்கும் தொலைவிலேயே, என் நண்பர் ஒருவர் வீடு கட்டிக் குடியிருக்கிறார். இசை கேட்பதற்கென்றே அவர் வீட்டில் ஓர் அறை உண்டு. சென்ற ஆண்டு ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"ஸ்ட்ரீமர் பழசாகிவிட்டது சார். மிருதங்கத்தின் தொப்பி பொதபொதவென்று கேட்கிறது. பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்கிறது. மூன்று லட்ச ரூபாயில் புது மாடல் வந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். நீங்களும் வந்து கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

மூன்று லட்ச ரூபாய் சிறிய தொகை அன்று. ஓய்வு பெற்ற ஒருவருக்கு அது பல ஆண்டுச் சேமிப்பு. ஆகவே நான் காதுகளை மட்டும் நம்பாமல், பையில் ஒரு மல்ட்டிமீட்டரையும் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அங்கே கண்டதைச் சொல்வதற்கு முன், ஸ்ட்ரீமர் என்னும் இக்கருவி என்ன செய்கிறது, எதைச் செய்ய இயலாது என்பதைப் பார்த்துவிடுவோம்.

தண்ணீர் லாரியும் மேல்நிலைத் தொட்டியும்

இசைத்தட்டும் ஒலிநாடாவும் குறுவட்டும் வீட்டு அலமாரியில் இருந்தன. இன்று பலருக்கு இசை வீட்டிலேயே இல்லை. எங்கோ ஒரு தரவு மையத்தின் கணினியில் எண்களாகக் கிடக்கிறது. கோவளத்து நண்பர் கேட்கும் கச்சேரி, உப்பங்கழிக்கு அப்பால் சிறுசேரியில் உள்ள தரவு மையம் ஒன்றிலிருந்தும் வரலாம். சிங்கப்பூரிலிருந்து கடலடிக் கம்பிவடம் வழியாகவும் வரலாம். அந்த எண்களை வாங்கி, வரிசைப்படுத்தி, மின்னலையாக மாற்றி, ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கும் கருவியே ஸ்ட்ரீமர். ஆம்ப்ளிஃபயர் அந்த அலைக்கு வலுவூட்டுகிறது. ஒலிபெருக்கி அதைக் காற்றின் அதிர்வாக்குகிறது.

எண்கள் தொடர்ச்சியாக ஒழுகி வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக, ஒவ்வொன்றிலும் வரிசை எண் எழுதப்பட்டு வருகின்றன. ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தாலோ சிதைந்தாலோ பெறுபவர் அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறார். எனவே அவை ஒரே சீராக வந்து சேர்வதில்லை. ஒரு கணம் நூறு வரும், அடுத்த கணம் ஒன்றும் வராது.

இதில் இசை எப்படித் தடங்கலின்றிக் கேட்கிறது? கடற்கரைச் சாலையில் வசிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீர் லாரி காலையில் வரலாம், மாலையில் வரலாம். ஆனால் மொட்டை மாடித் தொட்டியில் நீர் உள்ளவரை குழாயில் ஒரே சீராகத்தான் விழும். ஸ்ட்ரீமருக்குள்ளும் அத்தகைய தொட்டி ஒன்று உண்டு. அது ஒரு தற்காலிக நினைவகம். பத்து நொடி இசைக்கு ஏறத்தாழ 18 லட்சம் பைட்டு போதும். இன்றைய நினைவகச் சில்லுக்கு இது கடுகளவு. அத்தொட்டியிலிருந்து எண்களை எடுத்துவிடும் வேகத்தை நிர்ணயிப்பது வலைக் கம்பி அன்று. மாற்றிக்கு அருகில் உள்ள குவார்ட்ஸ் படிகக் கடிகாரமே.

இதிலிருந்து பணத்தைப் பற்றிய ஒரு முடிவு உடனே கிடைக்கிறது. வலைக் கம்பியை மாற்றினால் இசை இனிமையாகும் என்று பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் கம்பிகள் உண்டு. லாரியின் குழாயை வெள்ளியில் செய்தால் சமையலறைக் குழாயில் நீர் இனிக்குமா? பொட்டலம் வந்து சேர்ந்தால் சரி. சேராவிட்டால் பாட்டு நின்றுவிடும். இடைப்பட்ட நிலை, அதாவது 'கொஞ்சம் மங்கலான எண்' என்று ஒன்று இல்லை. கம்பி வழியாக மின் இரைச்சல் உள்ளே புகும் என்பார்கள். ஈதர்நெட் வாய்களில் அதைத் தடுக்கவே சிறு மின்மாற்றிகள் உள்ளன. சாதாரணக் கம்பி ஒன்று போதும். வை-ஃபை அலை சுவரைத் தாண்டித் தடுமாறும் வீடுகளில் மட்டும், வை-ஃபையை விடக் கம்பி நல்லது. பாட்டு இடையில் நிற்காது என்பதே அதன் நன்மை.

எண்களின் மயக்கம்

கடைகளில் அடுத்தபடியாகக் காட்டுவது பிட்டுக் கணக்கு. குறுவட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். உயர்தர ஸ்ட்ரீமர்கள் 24 பிட், 1,92,000 மாதிரி என்ற அளவையும் ஏற்கும். அது நொடிக்கு 92,16,000 பிட். ஆறரை மடங்கு எண்கள் வந்தால் ஆறரை மடங்கு இசை வருமா?

(44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தொடக்க காலத்தில் இலக்கமுறை ஒலியைப் பதிய, தொலைக்காட்சிப் படம் பதியும் நாடாக் கருவிகளையே பயன்படுத்தினார்கள். படத்தின் ஒரு வரியில் 3 மாதிரி, ஒரு புலத்தில் 245 வரி, நொடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள்.)

மாதிரி எடுக்கும் வீதத்தில் பாதிக்குக் குறைவான அதிர்வெண் கொண்ட அலைகள் அனைத்தையும் அம்மாதிரிகளிலிருந்து குறையின்றி மீட்கலாம் என்பது ஒரு தேற்றம். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் அடிப்படை இட்டார். கிளாட் ஷானன் 1949இல் அதை நிறுவி வெளியிட்டார். விளம்பரங்களில் குறுவட்டின் அலையைப் படிக்கட்டு போலவும், உயர்தர அலையை வழுவழுப்பாகவும் வரைந்து காட்டுவார்கள். அது தவறான படம். எல்லைக்கு உட்பட்ட அதிர்வெண்களை மட்டும் கொண்டு, அப்புள்ளிகள் வழியே செல்லக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான். மாற்றியில் உள்ள வடிகட்டி அந்த வளைவையே வெளியில் தருகிறது. படிகள் ஆம்ப்ளிஃபயருக்குப் போவதே இல்லை. 44,100இல் பாதி 22,050. இளம் வயதுக் காது கேட்கும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்குகிறது. விலையுயர்ந்த கருவி வாங்கும் வயதில் பலருக்கு 12,000 அல்லது 13,000க்கு மேல் கேட்பதில்லை என்பது இயற்கையின் குறும்பு.

இதைக் காதுகளை வைத்தே சோதித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் பிராட் மேயர், டேவிட் மொரான் என்னும் இருவர், உயர்தர ஒலிப்பதிவுகளை நேராகவும், குறுவட்டின் அளவுக்குச் சுருக்கியும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, எது எது என்று கேட்டார்கள். 2007இல் வெளியான அச்சோதனையில் 554 முறைகளில் 276 முறை விடை சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறத்தாழ இதுவே கிடைக்கும். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 12,500க்கு மேற்பட்ட கேட்டல்களில் 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. பயிற்சி பெற்ற காதுகள் இதைவிடச் சற்று மேலாகச் செய்தன. ஆக, வேறுபாடு அறவே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். இருந்தால் அது மிக மெல்லியது; மூன்று லட்ச ரூபாய்க்கு அதை முதல் காரணமாகச் சொல்ல முடியாது.

பிட்டுகளின் எண்ணிக்கையோ வேறொன்றைக் குறிக்கிறது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் வீதம், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள இடைவெளியை அது அளக்கிறது. 16 பிட்டில் 96 டெசிபல். 24 பிட்டில் 144. இப்போது கோவளத்து அறைக்கு வாருங்கள். மின்விசிறி சுழல்கிறது, சன்னலுக்கு அப்பால் கடல். இத்தகைய அறையில் பின்னணி இரைச்சல் 45 டெசிபல் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வராத அளவில் உச்ச ஒலி 95 டெசிபல். இடைவெளி 50. இரைச்சலுக்குள் அமிழ்ந்த ஒலியையும் காது ஓரளவு துழாவி எடுக்கும். அதற்கென இன்னும் 20 கூட்டினாலும் 70தான். 12 பிட்டில் அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்தினால் கிடைக்கும் மேம்பாட்டுக்கு ஈடாக எந்தக் கருவியும் தராது. ஆனால் சித்திரை மாதத்தில் அதை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் 24 பிட் வீணா? இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அது மிகவும் தேவை. வீட்டிலும் ஒரு பயன் உண்டு. ஸ்ட்ரீமரிலேயே ஒலியளவைக் குறைத்தால், ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்புக்கும் ஒரு பிட் கரைகிறது. மாற்றி 24 பிட் கொண்டதாக இருந்தால் அடியில் கரைவதற்கு இடம் இருக்கிறது, இசை தப்பிக்கிறது.

மூலப் பதிவையும் பார்க்க வேண்டும். நாதசுவரச் சக்கரவர்த்தி டி.என். இராசரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவருடைய தோடியைக் கேட்க நம்மிடம் இருப்பவை அக்காலத்து இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளும்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். முள்ளின் உரசல் ஒலி எப்போதும் கூடவே வரும். மேல் அதிர்வெண்கள் குறுகியவை. அதை 24 பிட் கோப்பாக்கி எந்த உயர்தரக் கருவியில் ஓட்டினாலும், கிடைப்பது உரசலின் துல்லியமான நகலே. வீட்டில் கேசட்டுகளை எண்மமாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2016 குடியரசு நாளன்று தொடங்கிய அகில இந்திய வானொலியின் 'ராகம்' அலைவரிசையை இணையத்தில் கேட்பவர்கள், வானொலி நிலையம் எவ்வளவு பிட்டுகளில் அனுப்புகிறதோ அதற்கு மேல் ஒரு பிட்டும் பெற முடியாது.

உப்பு செய்யும் வேலை

இனி, கடற்கரை வீட்டில் உண்மையில் இசையைக் கெடுப்பது எது என்று பார்ப்போம். கோவளத்தில் அது வாசல் வழியாகவே வருகிறது.

அலை உடையும்போது நீரில் கோடிக்கணக்கான குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளைக் காற்றில் தெறிக்கிறது. நண்பகல் கடற்காற்று அவற்றைக் கரைக்குள் ஏந்தி வருகிறது. கரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் இந்த உப்புப் படிவு மிக அதிகம். உள்ளே போகப் போக விரைவாகக் குறைகிறது. அதனால்தான் கடலைப் பார்த்த சன்னல் கம்பி ஓரிரு ஆண்டில் இற்றுப்போகிறது. அதே கம்பி திருப்போரூரில் பல ஆண்டுகள் நிற்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் நிறுத்தி இவ்வரிப்பை அளந்து வந்திருக்கிறது.

உப்பு வறண்டு கிடந்தால் பெரிய தீங்கில்லை. ஈரமானால்தான் அது மின்கரைசல் ஆகிறது. சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைகிறது. ஆனால் கடலுப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 விழுக்காடே போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே கோவளத்தில் ஒரு கருவியின் மேல் படியும் உப்புப் படலம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஈரமாகவே இருக்கிறது. அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

செம்புக் கம்பியின் நுனியில் இது பச்சைப் பாசி போன்ற களிம்பை உண்டாக்குகிறது. களிம்பு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பொன் முலாம் பூசிய செருகிகள் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் முலாம் மெல்லியதாக இருந்தால் அதன் நுண்துளைகள் வழியே உப்பு உள்ளிருக்கும் செம்பைத் தொட்டுவிடும். பொன் செருகியை ஈயமோ வெள்ளீயமோ பூசிய வாயில் செருகினால் நிலைமை இன்னும் மோசம். இரு வேறு உலோகங்களும் இடையில் உப்பு நீரும் இருந்தால் அது ஒரு சிறு மின்கலம். மட்டமான உலோகம் அரிபட்டே தீரும். விலையுயர்ந்த செருகி எப்போதும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். இரு பக்கமும் ஒரே உலோகமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர் வீட்டில் நான் முதலில் பார்த்தது இதைத்தான். இடப்பக்க ஒலிபெருக்கியின் பின்னால், திருகு முனையில் கம்பியின் நுனி பச்சையாக இருந்தது. 200 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஒலிக்கச் செய்து அளந்தேன். ஆம்ப்ளிஃபயர் முனையில் 2 வோல்ட். இடது ஒலிபெருக்கியின் முனையில் 1.75, வலது ஒலிபெருக்கியில் 1.95. (விலை குறைந்த மல்ட்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் சரியாக அளப்பதில்லை, அதனால்தான் 200.) ஒலிபெருக்கியை 8 ஓம் என்று கொண்டால், இடப்பக்க இணைப்பில் ஒரு ஓமுக்குச் சற்று மேற்பட்ட தடை உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ஓம் என்ன செய்துவிடும்? ஸ்ட்ரீமருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே என்றால் ஒன்றும் செய்யாது. அங்கே ஆம்ப்ளிஃபயரின் உள்தடை 10,000 ஓமோ அதற்கு மேலோ. ஆனால் ஒலிபெருக்கியின் பக்கம் 8 ஓமுடன் 1 ஓம் சேர்ந்தால் ஒலி 1 டெசிபல் குறைகிறது. அதோடு நிற்பதில்லை. ஒலிபெருக்கியின் 8 ஓம் என்பது பெயரளவே. சில அதிர்வெண்களில் அது 4 ஓம். அங்கே இழப்பு ஏறத்தாழ 2 டெசிபல். வேறு சில இடங்களில் 30 ஓம். அங்கே இழப்பு 0.3தான். எனவே குரலின் நிறமே மாறுகிறது. கூம்பை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் ஆம்ப்ளிஃபயரின் பிடியும் தளர்கிறது. தொப்பி பொதபொதத்ததும், குரல் வலப்பக்கம் சாய்ந்ததும் இதனால்தான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியின் கெட்ட நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, திருகு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இறுக்கிவிட்டு, வெளிப்புறம் மெல்லிதாக வாசலின் தடவினோம். அரை மணி வேலை. குரல் நடுவுக்கு வந்தது.

ஆகவே, கடற்கரையில் இருப்பவர்கள் ஸ்ட்ரீமர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் பெட்டியை. உள்ளே விசிறி வைத்த கருவி வேண்டாம். அது நாள் முழுவதும் உப்புக் காற்றை இழுத்து மின்சுற்றுப் பலகை மேல் ஊதும். வெப்பத்தைப் பெட்டியின் உலோகச் சுவர் வழியாகவே வெளியேற்றும் மூடிய கருவி நல்லது. கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். வாரக்கணக்கில் அணைத்து வைப்பதைவிட, குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்க விடுவது மேல். சற்று வெதுவெதுப்பாக உள்ள பரப்பில் ஈரம் ஒட்டாது. மின்னல் காலமான ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்த அறிவுரையை மறந்து செருகியைப் பிடுங்கிவிடுங்கள்.

வெறும் சுவரின் குற்றம்

களிம்பு போன பிறகும் அறையில் ஏதோ ஓர் அலறல் இருந்தது. கைதட்டிப் பார்த்தால் ஒலி நெடுநேரம் சுற்றிவந்தது. உப்புக் காற்றுக்கு அஞ்சி நண்பர் சன்னல்களைக் கண்ணாடியால் மூடியிருந்தார், தரையில் ஓடு, சுவர்கள் வெறும் சிமென்ட்.

அமெரிக்க இயற்பியலர் வாலஸ் சபைன் 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்திருத்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்; விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும்! அவ்வுழைப்பில் பிறந்த சூத்திரம் எளிமையானது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை நொடி ஆகும் என்பது கிடைக்கும்.

நண்பரின் அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 94 சதுர மீட்டர். வெறும் பரப்பு ஒலியில் நூற்றில் ஐந்து பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால் மொத்தம் 4.7. ஒலி அடங்க 2 நொடிக்கு மேல்! துரித காலத்தில் மிருதங்கம் ஒரு நொடிக்குப் பல சொற்களை உதிர்க்கும்போது, ஒவ்வொரு சொல்லும் இரண்டு நொடி வரை தேய்ந்துகொண்டே நின்றால் என்ன கேட்கும்? தடித்த திரைச்சீலை, புத்தக அலமாரி, பஞ்சு மெத்தையிட்ட திவான், தரையில் கனத்த சமுக்காளம் ஆகியவற்றால் உறிஞ்சும் பரப்பை 16 ஆக்கினால் நேரம் 0.6 நொடியாகிறது. எந்த ஸ்ட்ரீமரும் இதைச் செய்ய முடியாது. அறையைத் திருத்தும் மென்பொருள் கொண்ட ஸ்ட்ரீமர்கள் உள்ளன. தாழ் அதிர்வெண்களில் அறை கூட்டும் வீக்கத்தை அவை குறைக்கும், அது உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் சுவரை அவை மெத்தையாக்கா.

எது முதலில் கிழமாகும்?

இவ்வளவையும் பார்த்த பின்னும், ஸ்ட்ரீமர் ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்? அப்போது ஒரு கதையை நினைவில் வையுங்கள். 2003இல் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. 2006இல் லாஜிடெக் நிறுவனம் அதை வாங்கியது. 2012இல் அவ்வகைக் கருவிகளை நிறுத்தியது. 2024இல் அவற்றுக்கான இணைய நிலையத்தையும் மூடியது. கருவிகளின் மின்சுற்று நன்றாகவே இருந்தது. அவை அன்றே குப்பைக்குப் போயிருக்க வேண்டும்; போகவில்லை. ஏனெனில் வீட்டுக் கணினியில் ஓடும் அதன் மென்பொருள் எல்லோருக்கும் திறந்தது; ஆர்வலர்கள் இன்றும் அதைப் பேணி வருகிறார்கள். மற்றொரு புகழ்பெற்ற நிறுவனமான சோனோஸ், தன் பழைய கருவிகள் சிலவற்றுக்குப் புதிய மென்பொருள் தருவதை 2020 மே மாதம் நிறுத்தியது; வாங்கியவர்கள் கொதித்தார்கள்.

ஸ்ட்ரீமர் என்பது உண்மையில் இரண்டு கருவிகள். ஒன்று, வலையோடு பேசும் சிறு கணினி. மற்றொன்று, எண்ணை மின்னலையாக்கும் மாற்றி. கடைக்காரர்கள் 'டாக்' என்பார்கள். முதலாவது ஐந்தாறு ஆண்டில் கிழமாகிவிடும்; சேவைகள் மாறும், கடவுச் சாவிகள் மாறும், ஆப் பழைய கைப்பேசியோடு சண்டையிடும். இரண்டாவது பதினைந்து ஆண்டு உழைக்கும். அதன் கலை ஏற்கெனவே முதிர்ந்துவிட்டது. இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் லட்சக்கணக்கில் வாங்கினால், கிழமாகும் பாதி மற்றப் பாதியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். தனித்தனியாக வாங்குங்கள். மாற்றியில் நல்ல பணம் போடலாம். கணினிப் பகுதிக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு பலகையும், இலவசமாகக் கிடைக்கும் மூடு, வாலுமியோ போன்ற மென்பொருளும் போதும். சாலிடரிங் இரும்பைத் தொட்டறியாத கல்லூரி மாணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைத்துவிடலாம். அழகிய பெட்டியும் பெரிய திரையும் வேண்டும் என்போர் அவற்றுக்குப் பணம் தரட்டும். அது ஒலிக்கான பணம் அன்று என்று தெரிந்து தந்தால் சரி.

ஒரே பெட்டிதான் வேண்டும் என்றால், அதில் ஒளியிழை வழியாக எண்ணை வெளியே அனுப்பும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் அதனோடு வேறு மாற்றியை இணைக்கலாம். ஒளி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இரு கருவிகளின் நிலமுனைகள் சுற்றிக்கொண்டு எழுப்பும் 'உம்' என்ற இரைச்சலும் அங்கே அறுபடும். வீட்டுச் சேமிப்புத் தட்டில் உள்ள உங்கள் சொந்தக் கோப்புகளை, நிறுவனத்தின் இணைய நிலையத்தைக் கேட்காமலே அது ஒலிக்குமா என்றும் கேளுங்கள். இது கோவளத்தில் வெறும் கொள்கை அன்று. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியது. மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை தயாராகிக்கொண்டிருந்த நேரம். இத்தகைய புயலில் இணையமும் மின்சாரமும் போனால், இன்வெர்ட்டர் தயவில் மின்சாரம் உடனே வரும். இணையம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்வெர்ட்டர் சைன் அலை தருவதாக இருக்கட்டும். சதுர அலை தருவது சில ஆம்ப்ளிஃபயர்களை உறுமச் செய்யும்.

கண் பார்க்காத சோதனை

கடைசியாக, அந்த மூன்று லட்ச ரூபாய்க் கருவி. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பது எளிது. நேர்மையாகக் கேட்பதுதான் கடினம். ஒன்றுக்கு ஒலி இம்மியளவு கூடுதலாக இருந்தாலும் காது அதை 'உரத்தது' என்று சொல்லாது. 'தெளிவானது', 'உயிருள்ளது' என்றே சொல்லும். ஆகவே முதலில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஒலிக்கச் செய்து, ஒலிபெருக்கி முனையில் இரண்டுக்கும் மின்னழுத்தம் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்திருக்கும்படி அமைத்தோம். அது 0.1 டெசிபலுக்கும் உட்பட்டது. நண்பரின் மகள் ஒரு போர்வைக்குப் பின்னால் அமர்ந்து, நாணயம் சுண்டி, எந்தக் கருவி என்று தீர்மானித்துக் குறித்துக்கொண்டாள். நாங்கள் அவள் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

பதினாறு முறை கேட்க வேண்டும். ஏன் பதினாறு? வெறும் ஊகத்தில் 16க்கு 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, 65,536 வழிகளில் 2,517 வழி. அதாவது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 12 வந்தால் காது ஏதோ கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். மாணவர்கள் பாஸ்கல் முக்கோணத்தின் பதினாறாம் வரிசையை எழுதி இதைச் சரிபார்க்கலாம்.

தம்புரா ஓயும் இடம், கஞ்சிராவின் சலங்கை, நாதசுவரத்தின் மேல் பஞ்சமம் என்று நண்பரே பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு 7 சரி. அவருக்கு 9. மறுநாள் கருவி கடைக்குத் திரும்பிப் போயிற்று. போன மாதம் போனபோது, கடல் பக்கத்துச் சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை தைத்துப் போட்டிருந்தார்; ஒலிபெருக்கியின் பின்னால் ஒரு சிறு அட்டை தொங்கியது. அதில் திருகு முனைகளைக் கடைசியாகத் துடைத்த தேதி எழுதியிருந்தது.